அச்சுத் தந்தை என்று சொல்லிவிட்டால் போதுமா?

புன்னக்காயல் என்று பேச்செடுத்தால் அடுத்த வார்த்தை ‘அச்சுத் தந்தை’ என்று வந்துவிடுகிறது. மேடையிலும் அப்படித்தான், அக்டோபர் 20-ஆம் தேதி வாட்ஸ்அப்பில் சுற்றுகிற படங்களிலும் அப்படித்தான். அண்டிரிக் அடிகளார் என்று நாம் சொல்கிற ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் இந்தக் கடற்கரையில் 53 வருஷம் இருந்தார். அவ்வளவையும் ஒரே பட்டத்துக்குள் அடைத்து, மாலை போட்டு, கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை உண்டு. சண்டை அந்தப் பட்டத்தோடுதான்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்கலாம். நான் 31 வருஷம் பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும் அச்சகங்களில் கம்பாசிட்டராக இருந்தவன். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக்கில் கோத்து, கேலியில் இறக்கி, புரூஃப் எடுத்து, கண் போனது அதில்தான். அச்சைக் குறைத்துச் சொல்ல எனக்கு என்ன ஆசை? ஆனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எழுத்து வார்த்தவன் ஒருத்தன், கோத்தவன் ஒருத்தன், மிஷின் ஓட்டினவன் ஒருத்தன், எழுதினவர் ஒருத்தர். எல்லாவற்றையும் ஒருத்தர் தலையில் கட்டினால் கணக்கு உதைக்கும்.

1578-ஆம் வருஷம் அக்டோபர் 20-ஆம் தேதி ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. 16 பக்கம். அச்சானது நம் ஊரில் இல்லை, கொல்லத்தில். அதற்கு முந்தைய வருஷம் கோவாவில் தமிழ் எழுத்து செய்தவர் யோவான் கொன்சால்வஸ். கொல்லத்தில் செய்தவர் யோவான் தே ஃபரியா. கோவா எழுத்து எது, கொல்லத்து எழுத்து எது என்று அந்தப் புத்தகத்திலேயே பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். தொழில் தெரிந்த மனிதர்கள்! (அந்த எழுத்தில் புள்ளி கிடையாது. எகரம் ஏகாரத்துக்கு வித்தியாசம் கிடையாது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். எனக்குக் கொடுத்திருந்தால் முதல் புரூஃபிலேயே தலை சுற்றியிருக்கும்.) அடுத்த வருஷம் ‘கிரிசித்தியானி வணக்கம்’ அச்சானது கொச்சியில். செலவுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். ஆக, எழுத்து கொன்சால்வஸுக்கும் ஃபரியாவுக்கும், துட்டு பரதவருக்கும் என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் ஹென்ரிக்கஸுக்கு என்ன மிஞ்சும்?

மொழி மிஞ்சும். நான் பேச வந்தது அதைத்தான். அந்த அச்சுக்கு 30 வருஷம் முன்னாலேயே அந்த வேலை முடிந்துவிட்டது. அதைச் செய்தபோது அவர் தாடி நரைத்த அடிகளார் இல்லை, 27 வயசுப் பையன்.

1520-இல் போர்ச்சுகலில் வில்லா விசோசாவில் பிறந்தவர். யூத வம்சத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பம். அந்த ஒரே காரணத்துக்காக பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியே அனுப்பிவிட்டது. சாதி, குலம் பார்ப்பது நம் ஊருக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்கிறவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 1545-இல் இயேசு சபை சேர்த்துக்கொண்டது. 1546-இல் கோவா, 1547-இல் நம் கரை. இங்கே ஒரு சொந்தமும் கிடையாது. வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டால் அது கப்பலேறிப் போய், பதில் திரும்பி வர வருஷக் கணக்காகும்.

வந்த இடம் எப்படி இருந்தது? 1530-களில் பரதவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் வாங்கியிருந்தார்கள். முத்துக்குளிப்பு யார் கையில் என்ற சண்டையில் போர்ச்சுக்கீசியர் பாதுகாப்பு வேண்டியிருந்தது, அதற்கான விலை அது. விலையை வாங்கிக்கொண்டவர்கள் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்களே தவிர, சொல்லிக்கொடுக்க ஆள் வைக்கவில்லை. 1542-இல் சவேரியார் வந்து பார்த்தபோது ஜனங்களுக்குப் பெயர் மாறியிருந்ததைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவருக்கோ தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் அரைகுறையாகத் தெரிந்தவர்களை உட்காரவைத்து ஜெபங்களை மொழிபெயர்த்தார், மனப்பாடம் செய்தார், மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

அந்த மொழிபெயர்ப்பின் லட்சணம் அவர் கடிதத்திலேயே இருக்கிறது. புன்னக்காயலில் இருந்த தம் கூட்டாளி மான்சிலாஸுக்கு 1544-இல் எழுதுகிறார்: விசுவாச மந்திரத்தில் இனிமேல் ‘வேணும்’ என்று சொல்லாதே, அதற்கு ஆசைப்படுகிறேன் என்று அர்த்தமாம், ‘விசுவாசம்’ என்ற சொல்லைப் போடு என்று. அதுவரை நம் ஜனங்கள் கடவுளை நம்புகிறேன் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, கடவுள் வேணும், சுதன் வேணும் என்று கடையில் சாமான் கேட்பது மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! சிரிக்காதீர்கள். துபாஷி வைத்துப் பேசினால் இதுதான் வரும். இன்றைக்கும் அதுதான் வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்படி ஒரு கரைக்கு வந்து சேர்ந்தவனின் ஒருநாள் எப்படி இருக்கும்? கடிதங்களிலிருந்து ஓரளவு கட்டிப் பார்க்கலாம். காலையில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்க வேண்டும். நோயாளி வீட்டுக்குப் போக வேண்டும். பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம், செத்தவருக்கு அடக்கம். படகுச் சண்டை, பங்குச் சண்டை, புருஷன் பெண்டாட்டிச் சண்டை எல்லாம் அவர் வாசலுக்கு வரும். சாயங்காலம் மறுபடி பிள்ளைகள். நடுவில் வெயிலில் மணலில் அடுத்த ஊருக்கு நடை. நமக்கு வேம்பார் என்றால் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அவருக்குக் காலை விட்டால் தோணி. அவர் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளை. அந்தக் கணக்கப்பிள்ளைகள் சம்பளத்துக்காக, போர்ச்சுகல் ராணியின் செருப்புச் செலவு என்ற பெயரில் இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த பணத்தைச் சவேரியார் கேட்டு வாங்கித் திருப்பிவிட்டிருந்தார். முத்தெடுத்தவன் மூச்சடக்கிச் சம்பாதித்த காசு ராணியின் செருப்புக்குப் போயிருக்கிறது. இதற்கும் ஒரு பட்டம் யாராவது கொடுக்கலாம்.

இவ்வளவு வேலைக்கு நடுவில்தான் அந்தப் பையன் தமிழ் படித்தான். ஒப்புக்கு நாலு வார்த்தை இல்லை, எழுதப் படிக்க, வேற்றுமை, காலம், வினை விகற்பம் எல்லாம். அகராதி கிடையாது. இலக்கணப் புத்தகம் அவர் மொழியில் கிடையாது. தெரிந்த லத்தீன் இலக்கணத்தைச் சட்டமாக வைத்துக்கொண்டு, காதில் விழுந்ததை அதற்குள் அடுக்கிப் பார்த்தார். 1548-இல் வேம்பாரிலிருந்து தம் சபைத் தலைவர் இஞ்ஞாசியாருக்கு எழுதும்போது துபாஷியின் தயவு அவருக்கு ஏறக்குறைய தேவைப்படவில்லை. 1549-இல் இலக்கணமே எழுதிவிட்டார். ‘மலபார் மொழியின் இலக்கணம்’ என்று பெயர். மலபார் மொழி என்று அவர்கள் சொன்னது நம் தமிழைத்தான். அதோடு விடவில்லை. கூட இருந்த குருமார் தங்களுக்குள்ளும் தமிழிலேயே பேசுவது, தவறிப் போர்ச்சுக்கீசில் பேசினால் தண்டனை என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். யோசித்துப் பாருங்கள். ராத்திரி கஞ்சி குடிக்கும்போது, உடம்பு நோகிறது என்று கூட்டாளியிடம் சொல்வதற்கும் தமிழ்.

அதே 1549-இல் வேதாளையில் அந்தோணி கிரிமினாலி என்ற குரு கொல்லப்பட்டார். அவர் இடத்துக்குத் தலைவராக இந்த 29 வயசுக்காரரைத்தான் மற்றவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 1553-இல் புன்னக்காயலே தாக்கப்பட்டுக் கைமாறி, இருந்த போர்ச்சுக்கீசியர் சிறைப்பட்டார்கள். அதற்குப் பிறகும் ஹென்ரிக்கஸ் இந்தக் கரையைக் கைவிடவில்லை.

சரி, சொல்லிக்கொடுத்தது யார்? இங்கேதான் நம் மேடைப் பேச்சாளர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு மொழி தானாக ஒருத்தன் வாயில் ஏறாது. ‘வந்தான்’ என்றால் என்ன, ‘வந்தாள்’ என்றால் என்ன என்று நூறு தடவை கேட்டிருப்பார். அலுக்காமல் நூறு தடவை பதில் சொன்னவர் ஒருத்தர் இருந்திருக்க வேண்டுமே. வலை பின்னிக்கொண்டே சொன்னாரோ, கோயில் வாசலில் உட்கார்ந்து சொன்னாரோ. அந்த இலக்கணத்தைப் பிரித்தால் அவர்கள் வாய்ப் பேச்சு அப்படியே கிடக்கிறது. லிஸ்பன் நூலகத்தில் கையெழுத்துப் பிரதியாக இருந்ததை ஹான்ஸ் வெர்மேர் 1982-இல் பதிப்பித்தார். ஜீன் ஹைனும் நம்மவரான வி. எஸ். ராஜம் அம்மையாரும் ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கியது 2013-இல் ஹார்வர்டில் வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் கடற்கரை ஜனங்கள் எப்படிப் பேசினார்கள் என்று நம் புலவர்கள் யாரும் எழுதி வைக்கவில்லை. கொச்சை என்று ஒதுக்கினார்கள். அந்தக் கொச்சையைக் காது கொடுத்துக் கேட்டு, ஒழுங்காக எழுதிவைத்தவன் வெளியூர்க்காரன். நன்னூல் படித்த நமக்கு இதில் கொஞ்சம் கூச்சம் வர வேண்டும்.

‘தம்பிரான் வணக்கம்’ தலைப்புப் பக்கத்திலேயே இரண்டு பேர் பெயர் இருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் ஹென்ரிக்கஸும், மனுவேல் தெ சான் பேத்ரோ என்ற குருவும். இரண்டாவது ஆள் இந்நாட்டவர் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவருக்கு எந்த ஊரில் சிலை? எந்தப் படத்தில் பெயர்? இன்னும் பின்னே போனால், 1554-இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் தமிழ் ஜெபப் புத்தகம் ஒன்று அச்சானது. அந்த வேலையைச் செய்தவர்கள் அங்கே இருந்த மூன்று தமிழர்கள். வின்சென்ட் தெ நாசரேத், ஜார்ஜ் தெ கார்வாலோ, தோமாஸ் தெ குரூஸ். அவர்கள் வீட்டில் அம்மா கூப்பிட்ட பெயர் என்ன என்பது போயே போய்விட்டது. கடல் கடந்து போய், அந்நிய ஊரில் உட்கார்ந்து, தம் மொழியைப் பிறருக்குப் பிரித்துக் காட்டிய இளைஞர்கள் நம் பக்கத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பட்டமும் கிடைக்கவில்லை.

இப்போது மறுபக்கத்து நண்பர்களுக்கு வருகிறேன். மதம் மாற்றத்தானே அவர் தமிழ் படித்தார், அதற்கு ஏன் இத்தனை புகழ்ச்சி என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் எந்தச் சபைக்காரனும் இல்லை. ஆத்தூரில் சோமநாதரைக் கும்பிட்டு வளர்ந்தவன். ஆகவே தைரியமாகச் சொல்கிறேன்: ஆமாம், அதற்காகத்தான் படித்தார், அதை அவர் ஒருநாளும் மறைக்கவில்லை. அந்தக் காரியத்தில் நமக்குப் பிடிக்காதது நிறைய உண்டு. பிள்ளைகளை விட்டுப் பெரியவர்களின் சாமி உருவங்களை உடைக்கவைத்ததும், சாராயம் குடித்த பெண்களுக்கு அபராதமும் காவலும் போட்டதும் சவேரியார் கடிதங்களிலேயே இருக்கிறது. யாரும் புரளி கிளப்பவில்லை. பக்கத்தில் போர்ச்சுக்கீசியக் கப்பலும் பீரங்கியும் இருந்தது. அதையெல்லாம் வெள்ளையடிக்க எனக்கு இஷ்டமில்லை.

ஆனால் அவர்களிடம் திருப்பி ஒன்று கேட்கிறேன். நோக்கம் சரியில்லாதவன் மொழியை முறையாகப் படித்தான். நோக்கம் உயர்ந்தவர்கள் என்று நாம் மெச்சுகிற எத்தனை பேர் படித்தார்கள்? கலெக்டராக வந்து போகிறவர்கள், பரீட்சைக்காக ஒப்புக்குப் படித்துவிட்டு மறந்தவர்கள், மீனவர் நலன் என்று கருத்தரங்கு நடத்தி ஆங்கிலத்திலேயே அறிக்கை கொடுத்தவர்கள், இவர்களை எந்தத் தராசில் வைப்பது? கெட்ட காரியத்துக்கு ஒருத்தன் காட்டிய அக்கறையில் பாதியை நல்ல காரியத்துக்கு நாம் காட்டவில்லை என்றால் யாரைத் திட்டுவது?

அமெரிக்காவில் மார்மன் சபை என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் இன்றைக்கும் பையன்களை 18 வயசில் வெளியூருக்கு அனுப்புகிறார்கள். ஆணுக்கு 24 மாதம், பெண்ணுக்கு 18 மாதம். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை, எங்கே போனாலும் இரண்டிரண்டு பேர். வீட்டுக்கு வாரம் ஒருநாள் போனில் பேசலாம் என்பதே 2019-இல்தான் வந்தது. அதற்கு முன் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். புறப்படும் முன்னால் பயிற்சி மையத்தில் சில வாரம் போகிற நாட்டு மொழியைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர்கள் கொள்கை எனக்கு வேண்டாம், என் வாசலுக்கு வந்தால் மோர் கொடுத்து அனுப்பிவிடுவேன். ஆனால் இரண்டு வருஷத்துக்குப் போகிறவனுக்கே மொழி முதலில் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம்மவர்களுக்குத் தெரியவில்லை. நான் மாசாமாசம் பி.எஃப். பென்ஷன் எடுக்கப் போகிற வங்கிக் கிளை ஒன்று. கவுண்டரில் ஒரு பையன், பீகார் பக்கம், 26 வயசு இருக்கும். வந்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. போன தை மாதம் புன்னக்காயலிலிருந்து வயசான ஒரு அம்மா நகையைத் திருப்பி வைக்க வந்திருந்தார். பையன் கம்ப்யூட்டரைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். அந்த அம்மா, “ஏய்யா, என்னய்யா சொல்லுத?” என்று கேட்டார். வாசலில் இருந்த செக்யூரிட்டி வந்து, “வட்டி கட்டலன்னு சொல்லுதாரும்மா” என்றார். “கட்டிட்டேனே அண்ணாச்சி, சீட்டு இருக்குல்லா” என்று அவர் பையைத் துழாவ, செக்யூரிட்டி தமக்குத் தெரிந்த இந்தியில் அதில் பாதியை மட்டும் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆனது. சீட்டு சரியாகத்தான் இருந்தது, வட்டி வேறொரு கணக்கில் வரவாகியிருந்தது. கையில் ரசீது வாங்கிப் படியிறங்கும்வரை அந்த அம்மாவுக்கு என்ன நடந்தது என்று முழுசாகப் புரியவில்லை. 1544-இல் ‘வேணும்’ என்று சொன்னவர்களின் பேத்தி.

பையன் மேல் எனக்குக் கோபமில்லை. ஹென்ரிக்கஸ் வந்த வயசுதான் அவனுக்கும். ஆயிரம் மைலுக்கு அப்பால் வீடு, ஹோட்டல் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை பேச ஆளில்லை. அனுப்பினவர்கள் ஒரு வாரம்கூடத் தமிழ் சொல்லிக்கொடுக்கவில்லை, அது அவர்கள் தப்பு. நாம் என்ன செய்தோம்? அவன் டீக்கடைக்கு வந்தால் நமக்குத் தெரிந்த ஓட்டை இந்தியைக் காட்டிப் பெருமைப்படுகிறோம். ஆங்கிலம் தெரிந்தவர் ஆங்கிலத்தில் கெத்துக் காட்டுகிறார். ஒருத்தராவது அவனோடு வேண்டுமென்றே மெதுவாகத் தமிழில் பேசினோமா? அன்றைக்கு இந்தக் கரையில் அவரோடு தமிழில் பேசினவர்கள் இருந்தார்கள், அதனால்தான் ஹென்ரிக்கஸுக்குத் தமிழ் வந்தது.

அவனைச் சொல்வானேன், என் பேரனுக்கே தமிழ் எழுத வரவில்லை. ஆங்கில மீடியம். ‘விசுவாசம்’ என்றால் அவனுக்கு அஜித் படம். மாலை போடுகிற மேடையில் பேசுகிறவர்கள் வீட்டிலும் இதே கதைதான். என் வயசுக்காரர்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும், பேரன் பேத்தி எழுதிய தமிழ்க் கடிதம் ஒன்று உங்கள் அலமாரியில் இருக்கிறதா?

போன மாதம் பென்ஷனுக்குப் போனபோது அந்தப் பீகார்ப் பையனிடம் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். “தம்பி, தினம் ஒரு பக்கம். புரியலேன்னா என்னைக் கேளு” என்று மெதுவாகத் தமிழிலேயே சொன்னேன். சிரித்தான். “ஓகே அங்கிள்” என்று மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினான். வருகிற ஐந்தாம் தேதி போக வேண்டும். திறந்து பார்த்தானா என்று கேட்கப்போகிறேன், பின்னால் வரிசை எவ்வளவு நீண்டாலும் சரி.